மாடன் துரத்திய பாரசீக இளவரசன்

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' கேம்களில் எது உசத்தி என்று விமர்சகர்களைக் கேட்டால், 2003இல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அதே கேள்வியை 2006 வாக்கில் செங்கோட்டையில், நாங்கள் பழியாய்க் கிடந்த பிரவுசிங் சென்டரில் கேட்டிருந்தால் ஒரு பயல்கூட அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டான். எல்லாருக்கும் 2004இல் வந்த இரண்டாம் பாகம்தான், 'வாரியர் விதின்'. லீவுக்குப் புனலூரிலிருந்து வரும் என் அத்தானுக்கும் அதுதான். இந்தச் சாரல் சீசனில் இரண்டையும் சப்டைட்டில் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆடிப் பார்த்தேன். விமர்சகர்கள் சொன்னதும் சரி, எங்கள் பயல்கள் சொன்னதும் சரி என்றுதான் படுகிறது. எப்படி இரண்டும் சரியாக இருக்கும் என்று சொல்லத்தான் இது. கதையின் முடிவெல்லாம் வரும், இருபது வருஷம் தாண்டிய கேமுக்கும் ஸ்பாய்லர் பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர் 1989இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகத் தனியாளாக உட்கார்ந்து செய்ததுதான் முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அந்த அசைவை ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து உள்ளே ஏற்றினார், அதனால்தான் அந்த வெள்ளை உடைக்காரன் அத்தனை மனுஷத்தனமாக ஓடினான், விளிம்பில் தொங்கினான், கூர்முனையில் விழுந்து செத்தான். அறுபது நிமிஷத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். பள்ளிக்கூட லேபில் டாஸ் திரையில் 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று டைப் அடித்து ஏமாற்றி விளையாடிய தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமில் ஒரு கண்ணாடி வரும். அதன் வழியாகப் பாய்ந்ததும் இளவரசனின் நிழல் தனியாகப் பிரிந்து ஓடிவிடும். கடைசியில் அது கத்தியோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் உங்கள் உயிர்தான் குறையும். கத்தியை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த நிழல் பிறகு திரும்ப வருகிறது.

2003க்கு வருவோம். யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியின் கனடா ஸ்டூடியோ, மான்ட்ரியலில் இருப்பது, செய்தது, கதை மெக்னருடையது. கதை தொடங்கும் இடத்தை நாங்கள் அன்றைக்குக் கவனிக்கவே இல்லை: இந்தியா. பாரசீக ராஜா ஷாராமனும் மகனும் படையோடு வந்து ஒரு மகாராஜாவின் அரண்மனையைச் சூறையாடுகிறார்கள். இளவரசன் காலக் கத்தியைத் திருடுகிறான், பிரம்மாண்டமான மணல் கடிகாரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள், மகாராஜாவின் மகள் ஃபாராவையும் கொள்ளைப் பொருள்களோடு பொருளாக இழுத்துப் போகிறார்கள். அதாவது நாம் ஆடுவது நம் ஊரைக் கொள்ளையடித்தவனை வைத்து. அதற்குப் பிறகு ஆசாத் அரண்மனையில் மந்திரியின் பேச்சைக் கேட்டு அவன் கத்தியைச் செருகி மணலைத் திறந்துவிட, ஊரே மணல் பேயாக மாறுகிறது. பெற்ற தகப்பனும் மாறிவிடுகிறான், அவனோடும் கத்தி வீச வேண்டும். மீதிக் கேம் முழுக்க அந்தத் தப்பைச் சரிசெய்ய ஓடுவதுதான், கூடவே வருவது யார் என்றால் யார் வீட்டில் திருடினானோ அந்த வீட்டுப் பெண்.

இதை எல்லாம் நமக்குச் சொல்வது இளவரசனே. மொத்தக் கேமும் அவன் யாரிடமோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கும் கதை. நாம் தவறிப் பள்ளத்தில் விழுந்து செத்தால் கேம் ஓவர் என்று வெறும் எழுத்து வந்து நிற்பதில்லை. இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை, இருங்கள், திரும்பச் சொல்கிறேன் என்கிற மாதிரி அவன் குரல் வரும். செத்தது நீங்களல்ல, கதைசொல்லிக்கு நாக்குப் புரண்டது, அவ்வளவுதான். கத்தியில் மணல் இருந்தால் சில வினாடிகளை அப்படியே பின்னோக்கிச் சுருட்டி, விழுந்த கால் திரும்ப விளிம்பில் ஏறுவதைப் பார்க்கலாம், அதுவும் கதைசொல்லி ஒரு வரியை அழித்து எழுதுவது போலத்தான். விளையாட்டின் விதியும் கதை சொல்லும் முறையும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய கேம்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேமின் கடைசிப் பகுதியில் ஃபாரா அவனை நம்பாமல், அவன் தூங்கும்போது கத்தியையும் வாளையும் எடுத்துக்கொண்டு தன் பதக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுவாள். அதன் பிறகு ஒரு உயரமான கோபுரத்தில் ஏற வேண்டும், கையில் கத்தி இல்லை, விழுந்தால் காலத்தைச் சுருட்ட முடியாது. அதுவரை அலட்சியமாகத் தாவிய அதே தாவலை அங்கே உள்ளங்கை வேர்க்க வேர்க்கத் தாவுவீர்கள். அவள் இல்லாமல் போனதைச் சொல்ல வசனமே தேவைப்படவில்லை.

முடிவு இன்னும் அழகு. எல்லாக் காலத்தையும் சுருட்டி, படையெடுப்புக்கு முந்தைய ராத்திரிக்கே போய், ஃபாராவின் அறைக்குள் ஏறி, நடக்கப் போவதை எல்லாம் நடந்ததாக அவளிடம் சொல்கிறான். நாம் ஆடியது அந்தக் கதைதான். அவள் நம்பவில்லை. அவள் சின்ன வயதில் அவள் அம்மா சொல்லிக்கொடுத்த ரகசிய வார்த்தை ஒன்றை அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். ககோலூகியா. அவள் முகத்தைக் காட்டுவார்கள், அவ்வளவுதான்.

இத்தனை இருந்தும் சண்டை வழவழ கொழகொழ என்றிருக்கும். அதை மறைக்க முடியாது. எதிரியை வெட்டி வீழ்த்தினால் போதாது, கிடப்பவன் உடம்பில் கத்தியைக் குத்தி மணலை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுவான். சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்க, ஒருத்தன் மேல் குனியும்போது இன்னொருத்தன் பிடரியில் போடுவான். தலைக்கு மேல் தாவி முதுகில் வெட்டுவது ஒன்றுதான் பெரிய வித்தை, அதுவும் சிலரிடம் பலிக்காது. நடுவில் ஃபாராவின் அம்பு நம் முதுகிலேயே தைக்கும். ஒரு வட்டமான லிஃப்டில் சண்டை வரும், தப்பி ஓட இடமே கிடையாது, ஃபாராவையும் காப்பாற்ற வேண்டும். பொறுமைசாலியான என் நண்பன் ஒருத்தன் அங்கேதான் கீபோர்டைத் தட்டி ஸ்பேஸ் பாரைப் பெயர்த்தான். சென்டர் அண்ணாச்சி எண்பது ரூபாய் வாங்கினார்.

அப்புறம், கேமும் முதலில் மெதுவாகத்தான் விற்றது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடியும் கடையில் பெட்டி நகரவில்லை. சண்டை போதாது, எதிரிகளில் வகை இல்லை, கேம் சின்னது என்று ஆடியவர்களும் குறை சொன்னார்கள். அடுத்த வருஷமே இரண்டாம் பாகத்தை எடுத்து வந்தபோது மான்ட்ரியல்காரர்கள் அந்தக் குறைகளுக்குத்தான் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். மெக்னர் இந்த முறை கூட இல்லை. முதல் பாகத்தை வழிநடத்திய பத்ரீஸ் தேசிலே வேறு வேலைக்குப் போய்விட்டார் (அந்த வேலைதான் 2007இல் 'அசாசின்ஸ் க்ரீட்' ஆக வெளிவந்தது, அது தனிக் கதை). இளவரசனுக்குக் குரல் கொடுத்த யூரி லோவென்தாலும் மாற்றப்பட்டார். பதிமூன்று வயதுப் பையன்கள் ஆடலாம் என்றிருந்த அமெரிக்க முத்திரை பதினேழு வயதுக்கு மேல் என்று ஆனது. அரண்மனையின் பொன் வெளிச்சம் போய்ப் புழுதி நிறம் வந்தது. காட்ஸ்மாக் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டார் வந்து அலறியது.

இங்கேதான் எங்கள் பிரவுசிங் சென்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை, ஜூன் பிறந்தால் மேலே சாரல் தட்டிக்கொண்டே இருக்கும். எட்டு மெஷின், அதில் இரண்டில்தான் கிராஃபிக்ஸ் கார்டு. மற்றதில் எல்லாம் போர்டோடு ஒட்டிய கிராஃபிக்ஸ்தான், அதில் இந்தக் கேம்களை ஓடவைக்க '3டி அனலைஸ்' என்று ஒரு சின்ன புரோகிராமைப் போட்டு, இல்லாத கார்டு இருப்பது போல் ஏமாற்ற வேண்டும், அப்போதும் இளவரசன் களிமண்ணில் நடப்பது போலத்தான் நடப்பான். ஹெட்போன் என்று ஒன்று இருந்தது, ஒரு காது மட்டும் கேட்கும். ஸ்பீக்கரைக் கூட்டினால், "ஏல, சத்தத்தக் குறை, போன் பேச முடியல" என்று அண்ணாச்சி கத்துவார். அந்த நிலைமையில் முதல் பாகத்தின் இளவரசன் பிரிட்டிஷ் உச்சரிப்பில், மெதுவாக, பாதி தனக்குத்தானே பேசிக்கொண்டு கதை சொன்னால் யாருக்குக் கேட்கும்? கேட்டாலும் எங்களுக்குப் புரிந்திருக்காது. நான் தமிழ் மீடியம், அத்தான் மலையாளம் மீடியம். சப்டைட்டில் என்று ஒன்று இருப்பதே தெரியாது. எங்களைப் பொறுத்தவரை 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' என்பது ஒருத்தன் சுவரில் ஓடுகிறான், நடுநடுவே ஒரு பெண்ணோடு என்னவோ சண்டை போடுகிறான், கடைசியில் திடீரென்று ராத்திரியில் ஒரு அறையில் நின்று பேசுகிறான், முடிந்தது. ககோலூகியாவைக் கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது காதால் ஆட வேண்டிய கேம், எங்களிடம் காது இல்லை.

'வாரியர் விதின்' வேறு மாதிரி. கப்பல், புயல், சண்டை. (ஷாதி என்ற வில்லி அறிமுகமாகும் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவதே மரியாதை, அந்த நேரம் பார்த்து யார் வீட்டு அப்பாவாவது ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க உள்ளே வந்துவிடுவார்.) கொஞ்ச நேரத்தில் திரையின் நிறம் வெளிறிப் பழுப்பாகும், கிட்டார் எகிறும், பின்னால் கொம்போடு கன்னங்கரேல் என்று கூரையைத் தொடும் உயரத்தில் ஒன்று வரும், அதன் வயிற்றிலிருந்து விழுதுகள் நீண்டு காலைச் சுற்ற வரும். அதன் பெயர் டஹாக்கா. முதல் பாகத்தில் காலத்தைச் சுருட்டி இஷ்டத்துக்கு மாற்றினான் இல்லையா, அப்போதே செத்திருக்க வேண்டியவன் நீ என்று கணக்குத் தீர்க்க வந்திருக்கும் காலத்தின் காவல்காரன். இந்தக் காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. நாங்கள் அதற்கு உடனே பெயர் வைத்துவிட்டோம்: மாடன். கொடைக்குச் சாமக்கொடை முடிந்து சுடலைமாடன் தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்பும்போது எதிரே நிற்கக் கூடாது என்று பாட்டி சொல்லி வளர்ந்த பிள்ளைகளுக்கு, பின்னால் வருகிறவன் யார், என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே வரவில்லை.

"ஏல, மாடன் வாரான்ல!"

"எடா, ஓடிக்கோ! திரிஞ்ஞு நோக்கண்டா!" இது அத்தான், பக்கத்து ஸ்டூலில் இருந்து, திரும்பிப் பார்க்காதே என்று.

அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் அதை எவ்வளவு திறமையாகச் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். முதல் பாகத்தில் ஒரு அறைக்குள் நுழைந்தால் கேமரா சுற்றிக் காட்டும், நின்று யோசித்து, எந்தத் தூணிலிருந்து எந்தக் கம்பிக்கு என்று கணக்குப் போட்டுத் தாவலாம், போதாததற்கு மணல் தூணில் சேவ் செய்யும்போது முன்னால் வரப்போவது கனவு மாதிரிக் காட்டப்படும். இரண்டாம் பாகத்தில் அதே சுவர் ஓட்டம், அதே தொங்கல், அதே தாவல், பெரும்பாலும் பழைய அசைவுகள்தான், ஆனால் யோசிக்க நேரம் கிடையாது. தெரிந்த பாஷையை வேகமாகப் பேசச் சொன்னது போல. தண்ணீர் மட்டும் மாடனுக்கு ஆகாது. ஒரு அருவித் திரைக்குள் புகுந்துவிட்டால் அந்தப் பக்கம் நின்று உறுமுவான், வர மாட்டான். குற்றாலத்துக்குப் பக்கத்திலிருந்து ஆடிய எங்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

டஹாக்கா என்ற பெயர் சும்மா வைத்ததில்லை. பழைய பாரசீக மத நூலான அவெஸ்தாவில் அழி தஹாக்கா என்று மூன்று தலை நாகம் ஒன்று உண்டு. ஃபிர்தௌசியின் ஷாநாமாவில் அதுவே தோளில் இரண்டு பாம்பு முளைத்த ஸஹ்ஹாக் என்ற கொடுங்கோல் ராஜாவாகிறது. அதில் வரும் 'அழி'யும் ரிக் வேதத்தில் பாம்பைக் குறிக்கும் 'அஹி'யும் ஒரே வேர். கேம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது, பாம்பை விட்டுவிட்டது. எங்கள் மாடன் இன்னும் கொஞ்சம் பொருத்தம் என்பது என் கருத்து.

சண்டைக்கு வருவோம், அங்கே இரண்டாம் பாகம் முதலாவதை அடித்துத் தூக்கிவிட்டது, இதில் வாதமே இல்லை. வலது கையில் வாள், இடது கையில் எதிரி கீழே போட்ட எதையும் எடுக்கலாம், வாள், கோடரி, கதாயுதம் எல்லாம். அடிக்க அடிக்க அது உடைந்துவிடும், உடைவதற்கு முன்னால் எறியலாம். கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம், தூணைப் பிடித்துச் சுழன்று வெட்டலாம், சுவரில் உதைத்துப் பாயலாம். மணலை உறிஞ்சக் குனியும் தொல்லை போய்விட்டது. ரகசிய இடங்களில் ஹாக்கி மட்டை, கரடி பொம்மை கூட ஆயுதமாகக் கிடைக்கும், மான்ட்ரியல்காரன் குசும்பு. தலையைச் சீவி உடம்பை இரண்டாக வகுத்துப் போடுவதெல்லாம் கொஞ்சம் ஓவர்தான், ஆனால் ஒரு பையனுக்கு அந்த வயதில் கை பேசுவதற்கு இத்தனை வார்த்தை கிடைத்தால் அவன் ஏன் வேண்டாம் என்பான்?

விமர்சகர்கள் இருட்டையும் ரத்தத்தையும் கிட்டாரையும்தான் திட்டினார்கள். மெக்னரே 'வயர்டு' பத்திரிகையில், அந்தக் கலை நோக்கும் வன்முறையும் தனக்கு ஒப்பவில்லை என்று சொன்னார். எனக்கு அவையெல்லாம் மேல் பூச்சாகத்தான் தெரிகின்றன. உண்மையான நஷ்டம் வேறு. முதல் பாகத்து இளவரசன் திமிர் பிடித்தவன், ஆனால் தன் திமிரைத் தானே கேலி செய்யத் தெரிந்தவன், ஃபாராவிடம் வாய் கொடுத்துவிட்டுத் தனியாகப் புலம்புகிறவன். ஏழு வருஷம் மாடன் துரத்தியதில் அவன் கடுகடுவென்று ஆகிவிட்டான் என்று காரணம் சொல்லலாம், நியாயமான காரணம்தான். ஆனால் அவன் வாயை அடைத்தபோது கதைசொல்லியும் போய்விட்டான். இரண்டாம் பாகத்தில் செத்தால் சாவுதான். காலத்தைச் சுருட்டும் வித்தை அப்படியே இருக்கிறது, ஆனால் அது இப்போது ஒரு பட்டன், யாரோ வரியை அழித்து எழுதுவதாகத் தோன்றுவதில்லை. சப்டைட்டில் போட்டு ஆடியபோதுதான் இது எனக்கு உறைத்தது. இரண்டாம் பாகத்தில் படிக்க ஒன்றும் இல்லை, கத்தல்தான். அன்றைக்குப் புரியாமல் ஆடியதில் நாங்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை.

அதற்காக அதில் மூளை இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அந்த நிழல் திரும்ப வருகிறது. இளவரசன் காலத்தீவுக்குப் போவதே, காலப் பேரரசி மணலை உருவாக்குவதற்கு முன்னாலேயே அவளைத் தடுத்துவிட்டால் பிறகு எதுவும் நடக்காது, மாடனும் வர மாட்டான் என்ற கணக்கில். கைலீனா என்ற அந்தப் பேரரசியை (குரல் மோனிகா பெலூச்சி) கொன்றும்விடுகிறான். கொன்ற பிறகுதான் தெரிகிறது, அவள் உடம்பிலிருந்து வந்ததே அந்த மணல், அதை உருவாக்கியவன் இவனே. அதன் பிறகு ஒரு முகமூடி கிடைக்கும், போட்டால் கருநிழல் உருவமாகி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தான் நடந்த அதே காலத்துக்குள் இரண்டாவது ஆளாக நுழைவான். உயிர் தானாகக் குறைந்துகொண்டே இருக்கும், மணல் தானாக ஊறும். கேமின் முதல் பாதியில் அங்கங்கே ஒரு கருப்பு உருவம் குறுக்கே வந்து போயிருக்கும், ஒரு இடத்தில் மாடன் அதைப் பிடித்து விழுங்குவதையும் பார்த்திருப்போம். ஏதோ எதிரி என்று விட்டிருப்போம். அது நாமேதான். இப்போது அந்தப் பக்கத்திலிருந்து அதே காட்சிகளைக் கடக்கிறோம், விழுங்கப்படப் போகிறவனாக. 1989இல் கண்ணாடியிலிருந்து பிரிந்த நிழலை மெக்னர் இல்லாத கேமில் வேறு யாரோ இத்தனை அக்கறையாக எடுத்து வளர்த்திருக்கிறார்கள்.

இதற்காக ஒரே கோட்டையை இரண்டு காலத்தில் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் விளக்கெரியும் கூடம், இன்னொன்றில் அதே கூடம் இடிந்து புல் முளைத்துக் கிடக்கும், முன்னே கதவாக இருந்த இடம் இப்போது ஓட்டை. ஒரே வழியில் நாலு தடவை அலைய விடுகிறார்கள் என்று பலரும் குறை சொன்னார்கள், எனக்கும் அன்றைக்கு எரிச்சல்தான். பிறகு எங்கள் புனலூர் லைனை 2010இல் அகலப்பாதை ஆக்குவதற்காக மூடினார்கள். அத்தான் வீட்டுக்குப் போக ஏறும் அதே பாதை, 1904இலிருந்து ரயில் ஓடிய பாதை, வருஷக்கணக்காக ஆளில்லாமல் கிடந்தது, 2018இல்தான் மறுபடி முழுசாக வண்டி ஓடியது. நடுவில் ஒரு தடவை பஸ் ஜன்னலிலிருந்து பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கோட்டைதான். தெரிந்த இடத்தைச் சிதைந்து பார்க்கும்போது வருகிற ஒரு மாதிரி குறுகுறுப்பை அந்தக் கேம் சரியாகப் பிடித்திருக்கிறது, முதல் பாகத்து ஆசாத் அரண்மனை எவ்வளவு அழகாக இருந்தும் அதை ஒருமுறை கடந்தால் கடந்ததுதான்.

2005இல் மூன்றாம் பாகமாக 'தி டூ த்ரோன்ஸ்' வந்தது, இரண்டுக்கும் நடுவில் சமாதானம் பேசப் பார்த்த கேம், பழைய குரலும் ஃபாராவும் திரும்ப வந்தார்கள். நல்ல கேம், சமாதானம் பேசுகிறவர்களின் சுவாரஸ்யம் எவ்வளவோ அவ்வளவு. 2020இல் முதல் பாகத்தைப் புதுப்பிக்கும் வேலையை யூபிசாஃப்ட் தன் புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம் கொடுத்ததாக அறிவித்தது. மகாராஜா அரண்மனையில் திருடிய கதை கடைசியில் இந்தியர் கைக்கே வந்ததே என்று சிரித்துக்கொண்டோம், 2022இல் அதையும் மான்ட்ரியலுக்கே எடுத்துக்கொண்டு போனார்கள்.

இந்தச் சீசனில் ஆடி முடித்த அன்றைக்கு ராத்திரி அத்தானுக்கு போன் போட்டேன். 'வாரியர் விதின்' கேமுக்கு இரண்டு முடிவு உண்டு. நாங்கள் அன்றைக்குப் பார்த்ததில், காலம் திரும்பியதால் உயிரோடு இருக்கும் கைலீனாவை இளவரசன் மறுபடி கொல்வான், மாடன் வந்து மணலை எல்லாம் எடுத்துக்கொண்டு அவன் பாட்டுக்குப் போய்விடுவான். இன்னொரு முடிவு வர, பொறிகள் நிறைந்த ஒன்பது ரகசியப் பாதைகளிலும் புகுந்து ஒன்பது உயிர் ஏற்றத்தையும் எடுத்திருக்க வேண்டும், எடுத்தால் நீர் வாள் கிடைக்கும்.

"அப்போ மாடனைக் கொல்லலாமா?"

"கொல்லலாம் அத்தான். அவளையும் காப்பாத்தலாம். மூணாம் பாகம் அந்த முடிவிலிருந்துதான் தொடங்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. புனலூரிலும் மழைதான் போல.

"எடா, நம்ம எத்தனை எடுத்தோம்?"

"நாலு."